கோடு போடும் பிள்ளை டிசைனர் ஆகும் வழி

அனைவருக்கும் வணக்கம்.

நன்றாக வரையும் பிள்ளையைப் பார்த்ததும் பெரியவர்கள் செய்யும் முதல் காரியம், மென்பொருள் வகுப்பில் சேர்த்துவிடுவது. சில மாதங்களில் கருவிகள் எல்லாம் கைவந்துவிடும். ஆனால் ஒரு போஸ்டர் செய்யச் சொன்னால் பிள்ளை திணறும். ஓவியத்தில் பாராட்டு வாங்கித் தந்த அதே பழக்கங்கள் டிசைனில் குறுக்கே வந்து நிற்பதுதான் காரணம். அந்தப் பழக்கங்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் நிழல். 6பி பென்சிலால் தேய்த்துத் தேய்த்து உருண்டையைக் கொண்டுவருவது ஓவியத்தில் பெரிய வித்தை. லோகோவில் அதற்கு இடமில்லை. இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. கைப்பிடி உள்ள ஒரு கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வழக்கம்போல நிழலோடு வரையுங்கள். அடுத்து, தடித்த கறுப்பு மார்க்கரால் மட்டும் வரையுங்கள். மூன்றாவதாக, கறுப்புத் தாளில் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். கத்தரிக்கோலுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. கைப்பிடி நமக்கு நேர் எதிரே இருக்கும்படி பார்த்து வெட்டினால் கையில் கிடைப்பது வெறும் கட்டம். பக்கவாட்டில் பார்த்து, கைப்பிடிக்குள் இருக்கும் ஓட்டையையும் வெட்டினால்தான் அது கோப்பை. எந்தக் கோணத்தில் காட்டுவது என்ற முடிவை அந்த மூன்றாவது தாள் கேட்டு வாங்கிவிடுகிறது.

பிறகு அதைப் படமெடுத்து, கணினியில் 16 பிக்சல் (திரையின் புள்ளி) சதுரத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். ஒரு பிக்சலைவிட மெலிந்த கோடு அந்தப் பிக்சலை முழுதாக நிரப்பாது. பாதி நிறம்தான் ஏறும், மங்கிப்போகும். எந்தக் கோட்டைத் தடிக்க வேண்டும், எதை எடுத்துவிடலாம் என்பது அங்கே தெரியும்.

அடுத்து வெக்டர், அதாவது புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் வளைவுகளையும் கொண்டு கணினியில் வரையும் படம். தாளில் உள்ள கோட்டுப்படத்தை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். நிழல் தீட்டிய படமென்றால் 300 போதும். படத்தைத் தானே வெக்டராக மாற்றித் தரும் டிரேஸ் பொத்தானை அழுத்தாதீர்கள். தாளின் சொரசொரப்பு, அழிப்பான் விட்ட துகள் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கான புள்ளிகளாகிவிடும். அப்புறம் ஒரு வளைவைத் திருத்துவதற்குள் பொழுது போய்விடும். கையால் புள்ளி வைப்பதே நல்லது. வளைவின் உச்சி, அடி, இட ஓரம், வல ஓரம் ஆகிய இடங்களில் புள்ளி வைத்து, புள்ளியிலிருந்து நீண்டு வளைவைத் திருப்பும் கைப்பிடிக் கோடுகளை நேர் கிடையாகவோ நேர் செங்குத்தாகவோ இழுக்க வேண்டும். ஒரு முழு வட்டத்துக்கு நான்கு புள்ளிகள் போதும். ஒவ்வொரு கைப்பிடியின் நீளமும் ஆரத்தில் ஏறத்தாழ 0.55 பங்கு. இப்படிப் புள்ளியும் கைப்பிடியும் வைத்து வளைவு போடுவது, ரெனோ கார் நிறுவனத்தில் பியர் பெசியே கார் உடல்களின் வளைவுக்காகப் பயன்படுத்திய கணக்குதான். வளைவில் முண்டு தட்டினால், புள்ளியின் இருபுறக் கைப்பிடிகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். தேவைக்கு மேல் புள்ளி வைப்பவரின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள்: கோடுகளும் மயிர் மயிராக, குட்டிக் குட்டியாகத்தான் இருக்கும். தோளிலிருந்து ஒரே வீச்சில் கோடு இழுக்கப் பழகினால் இரண்டும் ஒன்றாகச் சரியாகும்.

மூன்றாவது, தாளை நிரப்பும் ஆசை. போஸ்டரில் கண் முதலில் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். தீப்பெட்டி அளவில் இருபது கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஒரு நிமிடம் என்று வரையுங்கள். அந்த அளவில் நுணுக்கம் நுழையாது. இடமும் அளவும்தான் மிஞ்சும். முதல் ஐந்தாறு கட்டங்களில் எல்லோருக்கும் தோன்றுவதே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு 24 பாயிண்ட், உள்ளே 20 பாயிண்ட் என்று வைத்தால் தெரியாமல் நடந்த பிழைபோல இருக்கும். 40க்கு 16 என்றால் எது தலைப்பு என்பதில் சந்தேகமே வராது.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நல்ல டிசைனும் கெடுகிறது. ஆங்கிலத்துக்கு அமைத்த, எழுத்தளவில் 120 சதவீத வரி இடைவெளியில் தமிழைக் கொட்டினால், மேல்வரி 'மூ'வின் சுழி கீழ்வரி 'கீ'யின் தலையில் இடிக்கும். 140 முதல் 150 சதவீதம் வைத்துப் பாருங்கள். எழுத்திடைவெளியை இஷ்டத்துக்குக் கூட்டினால் 'கொ' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். இடம் நிரப்ப எழுத்தை அகலவாக்கில் இழுக்கவும் கூடாது: செங்குத்துக் கோடுகள் தடிக்கும், கிடைக்கோடுகள் அப்படியே நிற்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய குறியாக்க எழுத்துருவில் தட்டிய வாசகம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். யூனிகோடிலேயே தட்டுங்கள், அச்சுக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அச்சு விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பின்னணி வண்ணத்தையும் படத்தையும் நான்கு பக்கமும் வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டி விடுங்கள். விடாவிட்டால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். ஏ4 தாளில் 300 டிபிஐக்கு 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். சிறிய எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள். வண்ண அச்சின் நான்கு மையும் கலந்தால், அச்சுத் தகடு இம்மி நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ணம் கசியும். திரையில் பளிச்சிடும் பச்சையும் நீலமும் சிஎம்ஒய்கே எனப்படும் அந்த நான்கு மை அச்சில் மங்கும் என்பதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வேலை தேடிப் போகும்போது எட்டு, பத்துப் படைப்புகள் போதும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தத் தீப்பெட்டிக் கட்டங்களை வையுங்கள், கைவிட்டவற்றையும் சேர்த்து. வேலை கொடுப்பவர் அதைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்.