எந்தக் கருவி எப்போது பேசுவது?

வணக்கம் நேயர்களே. செய்தி தாமதமாக வந்தால் 'சிக்னல் சரியில்லை', 'ஸ்பீடு பத்தவில்லை' என்கிறோம். சிக்னலும் ஸ்பீடும் நன்றாக இருந்தும் தாமதமாகும் கதை ஒன்று உண்டு. பல வருஷமாக நான் கட்டிக்கொண்டு அழுவது அதோடுதான்.

சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் இருக்கிறது, படத்தில் பார்த்திருப்பீர்கள், சிவப்பாக இருக்குமே. 2006இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் அதில் 64 சிறு கருவிகளைப் பொருத்தினார்கள். காற்றடித்தாலும் வண்டி ஓடினாலும் பாலம் எப்படி அதிர்கிறது என்று அளப்பதற்காக. பேட்டரியில் ஓடும் குட்டி ரேடியோக்கள். ரொம்ப தூரம் எட்டாது. அதனால் கடைசிக் கருவியின் செய்தியை அடுத்தது வாங்கி, அதற்கடுத்ததிடம் தரும். இப்படியே 46 கை மாறிக் கரை சேரும்.

எல்லாமே ஒரே அலைவரிசை. ஒரு கருவி பேசும்போது அதன் காது அடைத்துவிடும். இரு பக்கமும் ஒரே சமயத்தில் பேசினால் நடுவில் இருப்பதற்கு இரண்டுமே புரியாது. ஆகவே முறை வைத்துத்தான் பேச வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம், தாள் பேனா வேண்டாம். இதே போல 46 கருவிகள். ஒவ்வொன்றுக்கும் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம். தொழிற்சாலைகளில் ஓடும் வயர்லெஸ்ஹார்ட் என்ற கம்பியில்லாத் தொடர்பு ஏற்பாட்டில் ஒரு முறைக்கு அந்த அளவுதான். கடைக்கோடியில் தொடங்கி வழியின் வரிசைப்படியே முறை வந்தால், செய்தி அரை நொடிக்குள் கரை சேர்ந்துவிடும். அதே முறையைத் தலைகீழாக வைத்தால்? செய்தி கைக்கு வரும்போது அந்தக் கருவியின் முறை அப்போதுதான் முடிந்திருக்கும்; அடுத்த சுற்றில் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். நாம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஊர் பஸ் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்குமே, அந்த வயிற்றெரிச்சல் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் நடந்தால் எப்படி இருக்கும்! மொத்தம் இருபது நொடி. அரை நொடி எங்கே, இருபது நொடி எங்கே! திரும்பச் சொல்கிறேன்: ரேடியோ அதே, பேட்டரி அதே, மாறியது யார் முதலில் என்பது மட்டும்.

சரி, நல்ல வரிசையையே வைத்துக்கொள்வோம் என்பீர்கள். கரையிலிருந்து 'அளக்கத் தொடங்கு' என்று கட்டளை போக வேண்டுமே? அதற்கு இந்த நல்ல வரிசையே தலைகீழ்! திரும்பும் வழிக்கும் தனியாக முறை ஒதுக்கலாம். அப்போது சுற்று இரண்டு மடங்காக நீளும். எனக்குச் சம்மதம். இருபது நொடிக்கு அது எவ்வளவோ தேவலை.

பாலத்தில் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். முதல் செய்தி கரை சேரும் வரை அடுத்ததைப் பிடித்து வைக்கவில்லை. முன்னது சில கருவிகள் தள்ளிப் போய்விட்டால் இரண்டும் மோதாது, பின்னதை விட்டுவிடலாம். அப்படித்தான் 46ஆவது கையிலிருந்தும் நொடிக்கு 441 பைட் வந்தது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். 1992இல் தாசியுலாஸ், எஃப்ரெமிடீஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்ன விதியை விரிவாகப் பேச நினைத்திருந்தேன்: எந்த இணைப்பில் செய்தி அதிகம் தேங்கியிருக்கிறதோ அதற்கு முன்னுரிமை. மொத்தமாக அதிகம் கடத்த அருமையான விதி. ஆனால் ஆளில்லாத மூலையில் ஒற்றைச் செய்தி இருந்தால், அது கிடந்து காய வேண்டியதுதான். அதற்கு என்ன செய்வது என்பதை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.