உப்பில்லாப் பண்டமும் ஒரு சிட்டிகை லித்தியமும்
(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, ஓயாத பணிகளுக்கிடையே வந்து, அதே பணிகளுக்காக இப்போதே நாற்காலியை நகர்த்திக்கொண்டிருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த வணிகர் சங்கத்தாரே, போண்டாவுக்குப் பொறுப்பேற்ற அன்பரே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.' எங்கே பேச அழைத்தாலும் இதில்தான் தொடங்குவேன். திருப்பாதிரிப்புலியூர் நண்பர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், இன்று காரணத்தோடுதான் சொல்கிறேன். மனநோய்க்குத் தரும் லித்தியம் மருந்தும் ஓர் உப்புதான், சோடியத்தின் குடும்பத்து உறவு. அதன் வரலாறு, மூளையில் அது செய்யும் வேலை, நம் ஊரில் உள்ள குறை என மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன்.

ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் என்ற மருத்துவர் கினிப்பன்றிகளுக்கு லித்தியம் உப்பைச் செலுத்தினார். அவை சாதுவாகிப் படுத்தன. பிறகு தாமே விழுங்கிப் பார்த்து, மனஎழுச்சி நோய் முற்றிய பத்துப் பேருக்குக் கொடுத்து, 1949இல் கட்டுரையாக வெளியிட்டார். அந்தப் பத்துப் பேரில் முதலாமவர் தேறி வீடு திரும்பினார். ஆனால் 1950இல் லித்தியத்தின் நஞ்சாலேயே இறந்தார். இதை மனத்தில் வையுங்கள்.

என் சித்தப்பா முதுநகர்க்காரர். ஒருமுறை ஐந்து நாள் தூங்கவில்லை. நள்ளிரவில் வீட்டுக்கு வெள்ளையடித்தார். பிறகு பண்ருட்டிக்குப் போய் ஒரு லாரி பலாப்பழத்தைக் கடனுக்கு வாங்கித் தெருவெல்லாம் பங்கிட்டார். எனக்கு மட்டும் இரண்டு! சித்தி அழுதார், தெரு சுளை தின்றது. அடுத்த மாதம் அதே மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர், சோற்றுக்குக்கூட எழவில்லை. இருதுருவ மனநிலைக் கோளாறு என்றார் மருத்துவர், லித்தியம் கொடுத்தார். பதினெட்டு ஆண்டுகள் கடையைத் திறந்தார், மகளைக் கட்டிக்கொடுத்தார், பலாக்கடனையும் அடைத்தார்.

பிறகு ஒரு கத்திரி வெயில். ரத்த அழுத்தத்துக்கு நல்லதென்று யாரோ சொல்ல, உப்பை அறவே விட்டார். மூட்டுவலிக்குக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கினார். கை நடுங்கியது, நடை தள்ளாடியது, நாக்கு குழறியது. 'குடித்திருக்கிறார்' என்றது தெரு, பலா தின்ற அதே தெரு. மருத்துவமனையில் சேர்த்தோம், லித்திய அளவு பார்க்க அங்கே வசதியில்லை. புதுச்சேரிக்கு ஓடினோம். ரத்தத்தில் அளவு எக்கச்சக்கம். பிழைத்தார்.

உடலில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் அதை இழுத்துப் பிடிக்கிறது. கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. உப்பில்லாச் சித்தப்பா ஆம்புலன்ஸிலே. சிலவகை வலி மாத்திரைகளும், உடல்நீர் வற்றிப்போவதும் இதையே செய்யும். ரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5ஐத் தாண்டினால் நஞ்சு எட்டிப்பார்க்கும். இடைவெளி அவ்வளவு குறுகல். தைராய்டையும் சிறுநீரகத்தையும்கூட அவ்வப்போது பார்க்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள்; திடீரென விட்டால் நோய் முன்னிலும் வேகமாகத் திரும்பும். தற்கொலையைத் தடுப்பதில் இதற்கு இணையான மருந்துகள் மிகக் குறைவு.

மூளையில் அது செய்யும் வேலை என்றேன். ஜிஎஸ்கே-3 என்ற நொதியை அடக்குகிறது, இன்னும் பல. முழு விளக்கம் எவர் கையிலும் இல்லை. என்னிடம் நேரமும் இல்லை, மைக்காரர் கைகாட்டுகிறார்.

ஆகவே நேரே கோரிக்கைக்கு வருகிறேன். மாத்திரை மலிவு. கடைசி வேளை மருந்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ஒரு குழாய் ரத்தம்தான் சோதனை. வட்டத்துக்கு ஓர் அரசு மருத்துவமனையிலாவது இந்தச் சோதனை இலவசமாக வேண்டும். மீன்பிடிக்கப் போகிறவர் ஒருநாள் கூலியை விட்டுப் புதுச்சேரிக்கு பஸ் ஏறினால் அந்தச் சோதனையை எத்தனை முறை செய்துகொள்வார்?

மனு வாசலில் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறேன். மாமன்ற உறுப்பினர் அவர்களே, புறப்படுவதற்கு முன் முதல் கையொப்பம் தங்களுடையதாக இருக்கட்டும்.