நீங்க பாடுங்க, நான் கேட்டுக்கிட்டு நிக்கேன்

நேயர்கள் எல்லாருக்கும் என் அன்பான வணக்கம்.

வருகிற நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இந்நேரம் நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் வேலை தொடங்கியிருக்கும். மழைக்கு முளைத்த புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மங்கிப்போன பெயரின் மேல் கறுப்புப் பெயிண்ட் தொட்டு மறுபடியும் எழுதிக்கொண்டிருப்பார்கள். அன்று சாயங்காலம் செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் குடும்பம் குடும்பமாகப் போவோம். போன வருஷம் அடுத்த வீட்டுக்காரருக்குத் துணையாகப் போன சிலர், இந்த வருஷம் தங்கள் வீட்டுக் கல்லறை முன்னால் முதல்முறையாக நிற்கப்போகிறார்கள். இன்றைக்கு நான் முக்கியமாகப் பேச வந்தது அவர்களிடம். அவர்களைச் சுற்றி இருக்கிறவர்களிடமும்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில், துக்க வீடுகளுக்குப் போய்வருவது என் பொறுப்பு. அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழுகிற ஒரு பேச்சு உண்டு. "விசுவாசி அழலாமா? அவுக பரலோகத்துல சந்தோஷமா இருக்காக. நீ ஏன் இப்படி அழுத?" சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குத் தாங்காது. புருஷனைப் பறிகொடுத்தவள், தன் விசுவாசத்தையும் அங்கே உட்கார்ந்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

வேதம் அப்படிக் கேட்கவே இல்லை. தெசலோனிக்கே சபைக்கு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய முதல் நிருபம், அதாவது கடிதம், ஏறக்குறைய கி.பி. 50-ஐ ஒட்டி எழுதப்பட்டது. புதிய ஏற்பாட்டில் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று. அந்தச் சபையார் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள். ஆண்டவர் சீக்கிரம் வருவார் என்று காத்துக்கொண்டிருந்தவர்கள். அதற்குள் அவர்களில் சிலர் இறந்துபோனார்கள். அப்படியானால் போனவர்களின் கதி என்ன என்ற கலக்கம். அவர்களுக்குப் பவுல் எழுதுகிறார்: "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து" இருக்கவேண்டாம் என்று. துக்கமே படக்கூடாது என்று அவர் எழுதவில்லை. மறுபடியும் சொல்கிறேன், துக்கமே படக்கூடாது என்று எழுதவில்லை. நம்பிக்கையோடு துக்கப்படலாம். அழுகையும் நம்பிக்கையும் ஒரே வீட்டில், ஒரே பாயில் உட்கார்ந்திருக்கலாம்.

இதற்கு நான் எப்போதும் போய் நிற்கிற இடம் பெத்தானியா. யோவான் 11-ஆம் அதிகாரம். எருசலேமுக்கு ஏறக்குறைய இரண்டு மைல் தூரத்தில் இருந்த சின்ன ஊர். அங்கே மார்த்தாள், மரியாள் என்ற அக்கா தங்கையின் சகோதரன் லாசரு இறந்து நாலு நாள் ஆகிவிட்டது. வீடு நிறைய ஜனம், ஆறுதல் சொல்ல வந்தவர்கள். இயேசு வருகிறார் என்று கேட்டதும் மார்த்தாள் ஊருக்கு வெளியே எதிர்கொண்டு போகிறாள். போனவள் என்ன சொன்னாள்? "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." பிறகு மரியாள் வருகிறாள். அவளும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறாள். இந்த நாலு நாளும் அந்த வீட்டில் அக்காவும் தங்கையும் இதையேதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். ஒரு மணி நேரம் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால், அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறாமல் இருந்திருந்தால் என்று நாம் சொல்கிறோமே, அதேதான்.

இரண்டு பேர் சொன்னதும் ஒன்று. ஆண்டவர் நடந்துகொண்டது வேறுவேறு மாதிரி. மார்த்தாளிடம் பேசினார். "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற அந்தப் பெரிய வார்த்தையை அவளுக்குத்தான் சொன்னார். மரியாளிடம் அதைச் சொல்லவில்லை. அவள் அவர் காலில் விழுந்து அழுதாள். "அவனை எங்கே வைத்தீர்கள்" என்று மட்டும் கேட்டார். பிறகு அவரும் அழுதார். "இயேசு கண்ணீர் விட்டார்." இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசருவைக் கூப்பிட்டு வெளியே வரவைக்கப் போகிறவர் அவர். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார். உயிர்த்தெழுதலை நன்றாக அறிந்தவரே அழுதிருக்கிறார் என்றால், நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுகிறவளை யார் அடக்குவது?

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் இந்தப் பேச்சு எனக்கு நிறைவாகாது. தேரிக்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்துச் சபை. அந்த அக்காவுடைய வீட்டுக்காரர் அங்கே கோயில் குட்டியாக இருந்தவர். மணி அடிப்பது, விளக்குப் போடுவது, பாய் விரிப்பது எல்லாம் அவர்தான். ஊரில் யார் இறந்தாலும் துக்க மணி அவர் கையால்தான். ஒரு அடி. அந்தச் சத்தம் பனங்காட்டைத் தாண்டி அடங்குகிற வரைக்கும் பொறுத்து, பிறகு அடுத்த அடி. அவசரப்படமாட்டார்.

அவரே ஒரு நாள் இறந்துபோனார். மணி அடிக்கப் பக்கத்து வீட்டுப் பையன் ஓடினான். பழக்கம் இல்லாத பையன், கயிற்றைப் பிடித்துக் கடகடவென்று அடித்துவிட்டான். வீட்டுக்குள்ளே அந்த அக்கா அதுவரைக்கும் அழவில்லை. மணிச் சத்தத்தைக் கேட்டதும், "அவுக இப்படி அடிக்கமாட்டாகளே, டீச்சர்" என்று சொல்லி அப்போதுதான் கதறினார்கள்.

பதினாறாம் நாள் ஜெபக் கூட்டம் முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருவார்கள்; ஆனால் வாய் திறக்கமாட்டார்கள். கீர்த்தனை பாடமாட்டார்கள், விசுவாசப் பிரமாணம் சொல்லமாட்டார்கள். உயிர்த்தெழுந்த ஞாயிறு வந்தது. விடியற்காலை ஆராதனை, கோயில் நிறைய விளக்கு, எல்லாரும் எழுந்து பாடுகிறோம். நான் பக்கத்தில் நின்று, "நீங்களும் பாடுங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னேன். அதற்கு அவர்கள், "எனக்கு வரமாட்டேங்கு டீச்சர். நீங்க பாடுங்க, நான் கேட்டுக்கிட்டு நிக்கேன்" என்றார்கள்.

நேயர்களே, கிறிஸ்தவ நம்பிக்கை என்பதை நான் அன்றைக்கு அந்த அக்காவிடம்தான் கற்றுக்கொண்டேன். விசுவாசப் பிரமாணத்தில், சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று ஞாயிறுதோறும் சேர்ந்து சொல்கிறோம். ஏன் சேர்ந்து சொல்கிறோம்? கூட்டத்தில் ஒருத்திக்கு அந்த வாரம் நா எழாது. அவளுக்காகப் பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்வார்கள். அவள் கேட்டுக்கொண்டு நின்றால் போதும். சவப்பெட்டியைத் தனியாகத் தூக்க யாரையாவது விடுகிறோமா? நாலு பேர் தோள் கொடுக்கிறோம். நம்பிக்கையையும் அப்படித்தான் தூக்கவேண்டும். பவுல்கூட அந்த அதிகாரத்தை, "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்றுதான் முடிக்கிறார். ஒருவரையொருவர். உன்னை நீயே தேற்றிக்கொள் என்று சொல்லவில்லை.

அந்த அக்கா இப்போது பாடுகிறார்களா என்று கேட்பீர்கள். பாடுகிறார்கள். எப்போது தொடங்கினார்கள் என்று நான் கவனிக்கவில்லை, அவர்களுக்கும் தெரியாது.

துக்கப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 நமக்கு மறக்காது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் மணக்குடியிலும் பலரை ஒரே குழியில் அடக்கம் பண்ண வேண்டியிருந்தது. தன் பிள்ளை அந்த மண்ணில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று தெரியாத தாய்மார் உண்டு. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அங்கே கூடி ஜெபிக்கிறார்கள், பூ வைக்கிறார்கள். இத்தனை வருஷம் ஆன பிறகும் ஏன் அழுகை வருகிறது என்று உங்களையே நீங்கள் கேட்டு வருத்திக்கொள்ளவேண்டாம். "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று 56-ஆம் சங்கீதம் சொல்கிறது. துருத்தி என்றால் தோல் பை. தேவன் கணக்கில் வைத்திருக்கிற கண்ணீரை நாம் ஏன் மறைக்கவேண்டும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்து, 1951 ஜனவரியில் அங்கேயே மரித்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார், தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் வளர்த்த பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை; பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை அங்கே வைத்தார்கள். போய்ப் பாருங்கள். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றலாமா கூடாதா என்று நம் சபைகளில் நடக்கிற தர்க்கத்தைப் பற்றியும் பேச இருந்தேன். அதற்கு இன்று இடமில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்த வருஷம் துக்கம் நடந்த வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும். நடக்க முடியாத பெரியவர்கள் அங்கே இருந்தால், நவம்பர் 2 சாயங்காலம் ஒரு ஆட்டோ பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். குடிக்கத் தண்ணீரும் உட்கார ஒரு நாற்காலியும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அவர்கள் இருக்க விரும்புகிற வரைக்கும் இருங்கள். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.