வீட்டுத் திரையில் நிலைத்தவன் மனிதனே

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, கோணேசர் குடிகொண்ட இந்தத் திருமலை மண்ணின் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

1978ஆம் ஆண்டு வெளிவந்த 'சூப்பர்மேன்' திரைப்படம் இன்றும் வீடுகளில் விரும்பிப் பார்க்கப்படுவதற்குக் காரணம் அதன் தொழில்நுட்ப வியப்பா, அதன் மனிதத் தன்மையா என்பதே இன்று நம் முன் உள்ள வழக்கு. மனிதத் தன்மையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் சொரான் பெரிசிச் உருவாக்கிய சொப்டிக் முறையை மிக அழகாக விளக்கினார். கமராவின் சூம் வில்லையும், பின்னணிக் காட்சியைத் திரையில் வீசும் கருவியின் சூம் வில்லையும் ஒன்றுக்கொன்று இணங்கி இயங்குவதால், பின்னணி அளவு மாறாமல் நிற்க, நடிகர் மட்டும் நம்மை நோக்கிப் பறந்து வருவதாகத் தோன்றும் என்றார். உண்மை. அந்தப் படத்தின் காட்சி நுட்பங்களுக்கு ஒஸ்கார் சிறப்பு விருது கிடைத்ததும் உண்மை. ஜோன் வில்லியம்ஸின் இசையைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நான் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வழக்கு திரையரங்கைப் பற்றியது அன்று, வீட்டைப் பற்றியது என்பதை அவர் கவனிக்கத் தவறிவிட்டார்.

திரையரங்கில் இருளும் பேரொலியும் கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்து வியப்பைப் பெருக்கிக் காட்டும். அதே படம் ஒரு சிறிய தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வந்ததும் அந்தத் துணைகள் எல்லாம் விலகிவிடுகின்றன. எண்பதுகளில் இந்த ஊரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊரடங்கு இருந்த நாட்களில் இரவுக் காட்சிக்குப் போக வழியில்லாமல், வீடியோ டெக்கையும் கசெட்டையும் வாடகைக்கு எடுத்து, அயல் வீட்டாரையும் அழைத்துப் பாய் விரித்துப் படம் பார்த்த குடும்பங்கள் இந்தச் சபையிலேயே இருக்கின்றன. கைக்குக் கை மாறித் தேய்ந்த கொப்பிகள் அவை. வானத்தின் நீலமும் சூப்பர்மேன் உடையின் நீலமும் ஒன்றோடொன்று கலந்து வழியும்; நடுவில் கோடுகள் ஓடும்; டெக்கின் ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டியிருக்கும். ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வர்த் அத்தனை மென்மையாக அமைத்த ஒளியில் பாதிகூட அந்தக் கொப்பிகளில் எஞ்சவில்லை. தமிழ் எழுத்துகள் அடியில் ஓடியதுமில்லை. ஆங்கில உரையாடலை முழுதாகப் புரிந்துகொண்டவர்களும் சிலரே. தொழில்நுட்பம் மங்கி, மொழியும் எட்டாமல் இருந்த அந்த இரவுகளில் பார்த்தவர்களைப் பிடித்து வைத்திருந்தது எது? எதிரணி இதற்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டிருக்கிறது.

என் மறுமொழி, சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் என்ற நடிகர். அவன் விரும்பும் செய்தியாளர் லோயிஸ் லேனின் வீட்டில் நிகழும் ஒரு காட்சியைச் சபையினர் நினைவுகூர வேண்டுகிறேன். அவளோடு வானில் பறந்து திரும்பிய சூப்பர்மேன் விடைபெற்றுப் போய், சற்று நேரத்தில் கூனிய தோளும் கண்ணாடியுமாக, தன்னை மறைத்து அவளோடு பணிபுரியும் கிளார்க் கென்ட்டாக வாசலில் வந்து நிற்கிறான். அவள் உள்ளே போன இடைவெளியில் கண்ணாடியைக் கழற்றுகிறான். முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் ஆழமாகிறது. அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று வாய் திறக்கிறான். அடுத்த கணமே துணிவு போய்விடுகிறது. கண்ணாடி மீண்டும் முகத்தில் ஏறுகிறது, முதுகு மீண்டும் வளைகிறது. கம்பியும் இல்லை, பின்னணி வீச்சும் இல்லை, சிற்றுரு மாதிரிகளும் இல்லை. ஒரு மனிதனின் முதுகெலும்பு மட்டுமே அங்கே நடிக்கிறது. இந்தக் காட்சியை எத்தனை தேய்ந்த கொப்பியாலும் கெடுக்க முடியாது. டெக்கில் பின்னோக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்க்கத்தக்க காட்சி அது. அப்படிப் பார்க்கும் வசதியை நமக்குத் தந்ததே வீட்டு வீடியோதான்.

தன் வலிமையைத் தானே அறியாதிருந்த அனுமனுக்கு அதை எடுத்துச் சொல்ல ஒரு சாம்பவான் வேண்டியிருந்தது. கிளார்க்கோ தன் வலிமையை முழுதும் அறிந்தும் அதை அடக்கி வைத்து, பிறர் எள்ளி நகையாடுவதைப் பொறுத்துக்கொண்டு அலுவலகத்தில் நடமாடுகிறான். ஆற்றல் உள்ளவனின் அடக்கத்தைக் கண்டு உருகுவதற்கு நம்மவருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஒரு மனிதனால் பறக்க முடியும் என்பதை நீங்கள் நம்புவீர்கள் என்பதே இந்தப் படத்தின் விளம்பர வாசகம் என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் நினைவூட்டினார். நம்பினோம், ஐயா, ஆனால் கருவியை நம்பவில்லை. ரீவ் விமானம் ஓட்டத் தெரிந்தவர். காற்றில் திரும்பும்போது உடல் எப்படிச் சாய வேண்டும் என்பதை அறிந்து சாய்ந்தார். இன்று கணினியால் அதைவிடக் குறையின்றி ஓர் உருவத்தைப் பறக்கவைக்க முடியும். வியப்பே காரணமாயின், மேலான வியப்பு வந்த அன்றே பழையது மறக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு நிகழாததோடு, 2017இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பட்டது. 2018இல் 4கே வட்டாகவும் வந்தது. அத்தகைய தெளிவான பதிப்பில் பழைய தந்திரங்களின் விளிம்புகள் முன்னைவிட எளிதாகக் கண்ணில் படும். அதைக் கண்டும் நாம் வட்டை நிறுத்திவிட்டு எழுந்து போவதில்லை என்பது எங்கள் அணிக்குச் சாட்சி.

இயக்குநர் ரிச்சர்ட் டோனர் 2000ஆம் ஆண்டில் சீரமைத்த பதிப்பில் ஏறத்தாழ 8 நிமிடக் காட்சிகள் கூடுதலாகச் சேர்ந்தன. அவற்றுள் துப்பாக்கியும் நெருப்பும் பனியும் வரும் சாகசப் பகுதியும் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. எனினும் என்னை நிறுத்தியது, மக்கள் முன் முதன்முறை தோன்றிய இரவின் வீரச்செயல்களுக்குப் பிறகு மகன் சூப்பர்மேன், இறந்துபோன தன் தந்தை ஜோர்-எல்லின் உருவோடு பேசும் காட்சி. பிறருக்கு உதவுவதில் தான் கண்ட இன்பத்தை எண்ணி மகன் கூச்சப்படுகிறான்; செருக்கைக் குறித்துத் தந்தை எச்சரிக்கிறார். திரையரங்கில் இடம்பெறாத இந்தத் தந்தை மகன் உரையாடலை வீட்டுக்குக் கொண்டுவந்தது வட்டுத்தான்.

இறுதியாக, எதிரணி பெரிதும் நம்பியிருக்கும் உச்சக்கட்டத்துக்கே வருகிறேன். பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்பும் அந்தக் காட்சியைவிடப் பெரிய வித்தை இந்தப் படத்தில் இல்லை என்றார்கள். அந்த வித்தைக்கு முன்னால் நிகழ்வதைப் பாருங்கள். நிலநடுக்கத்தில் மண்ணில் புதைந்த காருக்குள்ளிருந்து லோயிஸின் உயிரற்ற உடலைத் தூக்கிக் கிடத்தி அவன் அலறுகிறான். வளர்ப்புத் தந்தை மாரடைப்பில் விழுந்து இறந்தபோது, இத்தனை ஆற்றல் இருந்தும் அவரைக் காப்பாற்ற இயலவில்லையே என்று கல்லறையருகில் கலங்கிய அதே பிள்ளை அவன். மனித வரலாற்றில் தலையிடாதே என்று பெற்ற தந்தையின் குரல் தடுக்கிறது. நீ ஒரு காரணத்துக்காகவே இங்கு வந்திருக்கிறாய் என்று வளர்த்த தந்தையின் குரல் அழைக்கிறது. வளர்த்தவரின் சொல்லைக் கேட்டே அவன் வானில் எழுகிறான். பூமி சுழல்வது அதன் பிறகுதான். அந்த அலறலை நீக்கிவிட்டு, சுழலும் பூமியை மட்டும் வைத்துக்கொண்டு, அது இத்தனை ஆண்டுகள் வீடுகளில் ஓடியிருக்கும் என்று எதிரணியினரால் சொல்ல முடியுமா என்று கேட்டு, தீர்ப்பை நடுவர் அவர்களிடம் ஒப்படைத்து அமர்கிறேன். நன்றி, வணக்கம்.