கோபம் போதாது, கோப்பு வேண்டும்

(கூடலூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்த மழையிலும் இத்தனை பேர் குடையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மேடை ஏறுவதற்குள் பல பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்: "சார், ஊர் வேலையே நடக்காம அரசாங்கப் பணத்தை எடுத்துட்டாங்க. ஹைகோர்ட்ல பொதுநல வழக்கு போடலாமா?"

போடலாம். அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவு அதற்கு வழி தருகிறது. 1995ல் நம் கூடலூர்ப் பகுதிக் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் வந்த உத்தரவு நாட்டின் எல்லாக் காடுகளுக்கும் பொருந்தியது. இந்த மண்ணுக்காகப் போட்ட மனு அது!

ஆனால் மரத்தை வெட்டினால் அடிக்கட்டை நிற்கும். பணம் போனால் என்ன நிற்கும்? காகிதம்தான்.

2ஜி வழக்கைப் பாருங்கள். நம் நீலகிரி எம்.பி. ஆ. ராசா தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தபோது நடந்த செல்போன் அலைக்கற்றை ஒதுக்கீடு. பொதுநல மனுக்களை விசாரித்து 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிபிஐ தனி நீதிமன்றம் அவர் உட்பட எல்லோரையும் விடுதலை செய்தது. சிபிஐ மேல்முறையீட்டுக்குப் போனது, அது இருக்கட்டும். சட்டப்படி செல்லக்கூடிய ஆதாரத்தோடு யாராவது வருவார்களா என்று ஏழு வருடம், கோடை விடுமுறையில்கூட, காலை 10 முதல் மாலை 5 வரை காத்திருந்து வீணானதாக நீதிபதி ஓ.பி. சைனி தீர்ப்பில் எழுதினார். ஒதுக்கிய முறை தவறு என்று காட்டுவது ஒரு வேலை. இன்னார் குற்றவாளி என்று நிரூபிப்பது முற்றிலும் வேறு வேலை.

என் கதையையும் சொல்கிறேன். எங்கள் தெருவில் கட்டிய தடுப்புச் சுவர் அடுத்த ஆடி மழையிலேயே சரிந்தது. கொதித்துப்போய் வக்கீலிடம் ஓடினேன். "அளவுப் புத்தகம் பார்த்தீங்களா?" என்றார். செய்த வேலையை அளந்து எழுதி வைக்கும் பதிவேடு அது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டேன். 30 நாளில் தர வேண்டும், தரவில்லை. மேல்முறையீடு செய்த பிறகுதான் வந்தது. புத்தகத்தில் சுவரின் நீளம் 40 மீட்டர். அஸ்திவாரத்தை நானே டேப் பிடித்து அளந்தேன், 26 மீட்டர். இல்லாத 14 மீட்டருக்கும் பில் போட்டிருந்தார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, காகிதம் கிடைத்ததும் நேரே கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். முதலில் மேலதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். "அங்கே கேட்டீர்களா?" என்றுதான் நீதிபதி முதலில் கேட்பார். அப்புறம், பங்காளிச் சண்டைக்கும் தேர்தல் பகைக்கும் பொதுநலம் என்று பெயர் வைத்தால் அபராதம் விழும். நிஜமான மனுக்காரர்களின் பெயரும் அதோடு கெடும்.

ஸ்ரீமதுரை, மசினகுடிப் பக்கமிருந்து வந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். வேலையின் பெயரையும் தொகையையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அளக்க ஆள் வேண்டுமென்றால் நான் டேப்போடு வருகிறேன்.