மினிஸ்டரே ஏறினாலும் இந்த ட்ரெயின் நகராது! ஏன் தெரியுமா?

வணக்கம் மக்களே! இலங்கை மலையகத்துல ஹட்டன் ஸ்டேஷன்ல நிக்குறேன். ட்ரெயினுக்குள்ள ஒரு மினிஸ்டரே இருக்காருன்னு வச்சுக்கோங்க, லேட்டாகுதுன்னு சத்தம் போடுறாரு. ஆனா ட்ரைவர் கைக்கு ஒரு வளையம் வந்து சேரல. வண்டி ஒரு அடி நகராது!

இன்னைக்கு டொபிக் வேலை செய்ற எடத்துல பாதுகாப்புக் கலாசாரம், அதாவது அங்க எல்லாரும் பாதுகாப்ப நெசமாவே முதல்ல வைக்கிறாங்களாங்கிறது. ஐயோ ஸ்கிப் பண்ணிடாதீங்க. 1986ல செர்னோபில் அணு உலை வெடிச்சதுக்கப்புறம் எழுதின ரிப்போர்ட்லதான் இந்த வார்த்தை பெருசா வந்துச்சு, வரலாறு அவ்ளோதான். வளையத்துக்கு வருவோம்.

ஹட்டன் தாண்டினா கொட்டகலை, நடுவுல சிங்கமலை சுரங்கம், போறதுக்கும் வாறதுக்கும் ஒரே தண்டவாளம். அந்த இருட்டுக்குள்ள எதிர்ல இன்னொரு வண்டி வந்தா? அதுக்குத்தான் வளையத்துல தொங்குற பைக்குள்ள ஒரு வட்டமான வில்லை. டேப்லட்னு பேரு, நீங்க கேம் விளையாடுற டேப்லட் இல்ல. ரெண்டு ஸ்டேஷன்லயும் ஆளுக்கொரு மெஷின், வயரால ஒன்னோட ஒன்னு கோத்திருக்கு. கொட்டகலை மாஸ்டர் அங்க இருந்து சரின்னு விட்டாத்தான் ஹட்டன்ல வில்லை வெளிய வரும். ஒன்னு வந்துட்டா ரெண்டு மெஷினும் பூட்டிக்கும், அது திரும்ப உள்ள போற வரைக்கும் தலகீழா நின்னாலும் அடுத்தது வராது. எனக்கு இத பாத்தா சின்னப்புள்ள மாதிரி ஆயிடும், மன்னிச்சுக்கோங்க.

இது எப்பிடி வந்துச்சு? 1874ல இங்கிலாந்துல தோர்ப்ங்கிற எடத்துல ஒத்தத் தண்டவாளத்துல ரெண்டு ட்ரெயின் நேருக்கு நேர் மோதி 25 பேர் செத்தாங்க. எதிர் வண்டிய அனுப்பலாம்னு எழுதி, அதிகாரி இன்னும் கையெழுத்து வைக்காத தந்திய தந்தி அடிக்கிற பையன் அனுப்பிட்டான். பையனத் திட்டிட்டு விட்டிருந்தா அடுத்த மாசம் இன்னொரு பையன் இன்னொரு தந்தி அனுப்பியிருப்பான்ல? 1878ல எட்வர்ட் டையர்னு ஒருத்தர் இந்த மெஷினுக்குப் பேட்டன்ட் எடுத்தாரு.

சரி, மெஷினுக்குப் பூட்டு போடலாம், குளவிக்கு?

எங்கம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்த காலம், தோட்டத்துப் பேரு வேணாம். மலையில ஒரு மரத்துல பெரிய குளவிக்கூடு பாத்து வேலைய மேற்பார்க்குற கங்காணிகிட்ட சொன்னாங்க. "நேத்தும்தான் இருந்துச்சு, நீ கிலோவ காட்டு"ன்னாரு. மலைய விட்டு எறங்கினா அரைப்பேரு, அதாவது அரை நாள் சம்பளம்தான். அடுத்த நாள் அம்மா வாயே தொறக்கல, மேல கட்டியிருந்த படங்குத் துணிய தலைக்கு இழுத்து விட்டுக்கிட்டு அதே மரத்தடியில எடுத்தாங்க. மூணாம் நாள் காத்து பலமா அடிச்சுச்சு, கூடு கலைஞ்சு குளவி கொட்டிருச்சு. நாலு பேர லொறியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அம்மா கை வீங்கி, கண்ணாடி வளையல ஒவ்வொன்னா உடைச்சுத்தான் எடுத்தோம்.

கங்காணி கெட்டவரும் இல்ல, அவருக்கு மேல தோட்டத்து மேனேஜர் தொரை, தொரைக்கு மேல கம்பனி, எல்லாரும் கிலோதான் கேக்குறாங்க. பெக்டரி வாசல்ல "பாதுகாப்பே முதலில்"னு போர்ட் இருக்கும், அதுல சிலந்தி கூடு கட்டியிருக்கும். இன்னும் மோசம், விபத்தே இல்லன்னா போனஸ்ங்கிறது, வெரல் நசுங்கினாலும் சாக்குத்துணிய சுத்திக்கிட்டு ரோலர்கிட்ட நிப்பானே தவிர எவனும் சொல்ல மாட்டான்.

டொயோட்டாவுல லைன்ல நிக்கிற யாரும் ஒரு கயித்த இழுக்கலாம், லீடர் ஓடி வருவாரு, சரியாகலன்னா லைனே நிக்கும், இழுத்தவனுக்குத் திட்டு இல்ல. நம்ம பிரட்டுலயும், அதான் வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துல, காலைல ஒருத்தி "அஞ்சாம் நம்பர் மலையில கூடு இருக்குங்க"ன்னு சொன்னா, அன்னைக்கு எல்லாரையும் வேற மலைக்கு அனுப்பி முழுப்பேரு போடணும், அம்புட்டுத்தான் நான் கேக்குறது. முழுப்பேரா அரைப்பேரா, அத வச்சே அந்த எடத்தோட கலாசாரத்த சொல்லிடுவேன்.

உங்க எடத்துல எப்பிடி? கமெண்ட்ல சொல்லுங்க, கம்பனி பேரு போடாதீங்க, வேலை போயிடும். அடுத்த தடவ ட்ரெயின்ல போறப்ப வளையம் கை மாறுறத ஜன்னல் வழியா பாருங்க. தலைய வெளிய நீட்டி செல்பி மட்டும் எடுக்காதீங்க, சிங்கமலை சுரங்கம் வருது!