தண்டவாளத்தில 230 வோல்ட்! நத்தார் மரத்தடியில பழைய விளையாட்டு ரயில் ஓட்டுறதுக்கு முந்தி இதைப் பாருங்க

[திரையில்: வாளி மணலில நட்ட சவுக்குக் கிளை, லைட் மாலை, கீழே வட்டமா ஓடுற தகர ரயில்]

இந்தப் படத்தில ஆளைக் கொல்லக்கூடிய சாமான் எது? முக்கால்வாசிப் பேர் அந்தக் கறுப்பு ட்ரான்ஸ்போமரைத்தான் காட்டுவீங்க. பிழை. மரத்தில மின்னுதே, அந்த லைட் மாலைதான். ஏன் எண்டு கடைசியில சொல்றன், ஓடிராதீங்க.

வணக்கம் உறவுகளே. வரலாற்றை ஒரு மூச்சில முடிச்சிருவம். லயனல் ஒரு அமெரிக்க விளையாட்டு ரயில் கம்பனி. தண்டவாளத்துக்குக் கரண்ட் குடுக்கிற அவங்கட இசட்-டபிள்யூ ட்ரான்ஸ்போமர் 1948 தொடக்கம் 1966 வரைக்கும் வந்தது, பெரியது 275 வாட். அடியில உள்ள தகட்டில 115 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் எண்டு இருக்கும். நம்மட வீட்டுச் சுவரில 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சரி, விஷயத்துக்கு வருவம்.

வெளிநாட்டுப் பெட்டி வந்தா முதல்ல செய்ற மடைத்தனம், தட்டைப் பின்னுக்கு ஒரு அடாப்டர் வாங்கிச் சுவரில செருகுறது. அடாப்டர் பின்னுட வடிவத்தை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. 20 வோல்ட் வர வேண்டிய இடத்தில 40 வரும், எஞ்சின் பல்ப் வெடிக்கும், உள்ளுக்குச் சுத்தின கம்பி கருகும். நிமிஷக் கணக்குத்தான்.

"அப்ப 110 வோல்ட் ஸ்டெப் டவுன், அதான் வோல்ட்டைக் குறைக்கிற பெட்டி, போட்டாச் சரிதானே?" எண்டு கேப்பீங்க. முழுக்கச் சரியில்லை. இந்த இடம் எனக்கு நல்லாப் பிடிச்ச இடம், கொஞ்சம் நிண்டு பாப்பம்.

[திரையில்: வயல், வரம்பு, வக்கடை]

ஒரு வரவைக்குத் தண்ணி கட்டுறீங்க எண்டு வைங்க. வக்கடையில, அதாவது வரம்பில வெட்டின வாயில, தண்ணி வாற வேகம்தான் வோல்ட். வக்கடை திறந்து கிடக்கிற நேரம் கரண்டுட அரைச் சுற்று. வரம்பு தாங்குற அளவு ட்ரான்ஸ்போமருக்குள்ள இருக்கிற இரும்பு. 60 ஹேர்ட்ஸில வக்கடை 8.3 மில்லி செக்கன் திறந்திருக்கும். 50 ஹேர்ட்ஸில 10 மில்லி செக்கன். அதே வேகத்தில கூட நேரம் தண்ணி விட்டா வரம்பு மேவிப் பாயும். இரும்பும் அப்படித்தான். காந்தம் நிறைஞ்சு மேவினா கரண்டைச் சும்மா இழுக்கும், இரையும், சுடும்.

கணக்குச் சின்னது. வோல்ட்டை ஹேர்ட்ஸால பிரிங்க. அமெரிக்க வீட்டில 120ஐ 60ஆல பிரிச்சா 2. இங்க 110ஐ 50ஆல பிரிச்சா 2.2, பத்து வீதம் கூட. 100ஐ 50ஆல பிரிச்சா? திரும்பவும் சரியா 2! அதனால 110 வேணாம், ஜப்பான் சாமானுக்கு எண்டு விக்கிற 100 வோல்ட் ஸ்டெப் டவுனை வாங்குங்க. அமெரிக்க ரயிலுக்கு மருந்து ஜப்பான் பெட்டியில கிடக்கு, பாத்தீங்களா! உச்ச வேகத்தில 20க்குப் பதிலா 17.4 வோல்ட் வரும். மரத்தைச் சுத்தி ஓட அது தாராளம்.

ஸ்டெப் டவுனுட அளவு 500 விஏ (வோல்ட்-அம்பியர்). கடையிலேயே மல்டிமீட்டரை ஓமில வைச்சு, உள் பின்னுக்கும் வெளி சொக்கெட்டுக்கும் இடையில பாருங்க. சில ஓம் காட்டினா அது ஆட்டோ ட்ரான்ஸ்போமர், உள்ளும் வெளியும் ஒரே கம்பி, வைச்சிட்டு வந்திருங்க. எதுவும் காட்டாட்டித்தான் தனித்தனிச் சுற்று.

பழைய பெட்டியைச் சோதிக்கிறது இப்படி. ரப்பர் வயர் வெடிச்சிருந்தா வெட்டி எறிஞ்சிட்டு 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்க. மார்கழி மழைக் குளிரும் வாவிக் காத்தும் குடிச்ச பெட்டியை ரெண்டு நாள் வெயிலில காய வைங்க. பிளக் பின்னுக்கும் தண்டவாள முனைகளுக்கும், பின்னுக்கும் கூட்டுக்கும் மீட்டர் எதுவுமே காட்டக் கூடாது. பிறகு ஸ்டெப் டவுனுக்கு முன்னால 60 வாட் குண்டு பல்பைச் சீரீஸில, அதாவது கரண்ட் பல்புக்குள்ளால போய்த்தான் பெட்டிக்கு வாற மாதிரி, போட்டு கரண்ட் குடுங்க. பளிச்செண்டு அடிச்சு மங்கினா நல்லது. முழு வெளிச்சத்தில நிண்டா உள்ளுக்குச் சோர்ட். நல்லதெண்டா பல்பைக் கழட்டிட்டு, ரயில் ஏத்தாம ஒரு மணித்தியாலம் விட்டுக் கையை வைச்சுப் பாருங்க, வைக்க முடியாதளவு சுட்டா அந்தப் பெட்டி அலுமாரிக்குத்தான்.

13 அம்பியர் பிளக்கில 3 அம்பியர் பியூஸ். தண்டவாளப் பக்கம், மோட்டார் சைக்கிள் கடையில கிடைக்கிற 7.5 அம்பியர் தட்டைப் பியூஸ் ஒண்டு. சோடனைப் பந்து தொங்குற கம்பிக் கொளுக்கி தண்டவாளத்தில விழுந்தா, பெட்டிக்குள்ள இருக்கிற பிரேக்கர் யோசிச்சு முடிக்க முந்தி மெல்லிய வயர் சிவந்திரும்.

[திரையில்: லைட் மாலை, கிட்டத்தில்]

இப்ப கொலைகாரன். மலிவான எல்இடி மாலையில கன்ட்ரோலர் பெட்டிக்குப் பிறகும் வயர் முழுக்க 230 வோல்ட் இணைப்புத்தான். குட்டி பல்பைப் பாத்து ஏமாறாதீங்க. வயர் ஒரு இடத்தில உரிஞ்சு தண்டவாளத்தில பட்டா முழுத் தண்டவாளமும் உயிர்க் கம்பி. ட்ரிப் சுவிச் விழும்தானே? விழாது! தண்டவாளத்துக்கு நிலத்தோட தொடர்பில்லை, அதால கரண்ட் ஒழுக வழியில்லை. ஈரத் தரையில நிண்டு பிள்ளை தொட்டாத்தான் வழி கிடைக்கும். நல்ல 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் எண்டா அப்பதான் விழும். பிள்ளையை வைச்சா சுவிச்சைச் சோதிக்கிறது?

மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிப் பழைய பாலம் ஞாபகம் இருக்கா? ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தில போன காலம், கேட் இருந்தது. இங்கயும் கேட் வேணும். அடாப்டரோட வாற, 31 வோல்ட்டோ அதுக்குக் குறைவோ உள்ள லைட் மாலை மட்டும் மரத்துக்கு. 230 வோல்ட் மாலை வேணுமெண்டா யன்னலுக்குப் போகட்டும். அடாப்டர் மாலையை மிச்சம் பிடிக்க ரயில் ட்ரான்ஸ்போமரில கொழுவாதீங்க, அதில வாறது ஏசி. வாளிக்குத் தண்ணி ஊத்துற நேரம் எல்லாப் பிளக்கும் வெளியில. கரண்ட் போனாலும் பிளக்கெல்லாம் உருவிருங்க. மலிவு இன்வேட்டரில ஓட்ட வேணாம், அதிட முரட்டு அலையில பழைய இரும்பு இன்னும் சுடும்.

ரெண்டு ட்ரான்ஸ்போமர் வைச்சிருக்கிறவங்களுக்கு ஒண்டு. ரெண்டையும் ஒரே தண்டவாளத்தில கொழுவினா, ஒண்டுட பிளக்கை நீங்க உருவின பிறகும் மற்றதுட 17 வோல்ட் தண்டவாளம் வழியாப் பின்னால ஏறி, கையில இருக்கிற பிளக் பின்னில 100 வோல்ட்டுக்குக் கிட்ட நிக்கும். ஒரு வட்டத்துக்கு ஒரு பெட்டிதான்.

ஹோர்ன்பி, மார்க்லின் எண்ட ஐரோப்பிய ரயில் வைச்சிருக்கிறவங்க பயப்படாதீங்க, உங்கட தகட்டில 220, 240 எண்டு இருந்தா ஸ்டெப் டவுன் தேவையில்லை, சோதனை மட்டும் அதேதான். உங்கட பெட்டித் தகட்டில என்ன வோல்ட், என்ன ஹேர்ட்ஸ் எண்டு கமெண்டில போடுங்க, கணக்குப் போட்டுச் சொல்றம். லைக் பண்ண மறந்தாலும் பரவாயில்லை, அந்த மாலையைக் கழட்ட மறக்காதீங்க.